பனிமூட்டத்துக்கு எத்தனை பிக்ஸல் வேண்டும்?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று பேர் கொண்ட குழு. பத்து வருடமாகக் கல்யாணம், கோயில் பண்டிகை, உள்ளூர் கேபிள் டிவி நிகழ்ச்சி என்று எச்.டி. கேமராவில் எடுத்துவருகிறார்கள். இப்போது சென்னைத் தயாரிப்பு நிறுவனம் ஒன்று, நீலகிரி கிராமங்களைப் பற்றி ஆறு பகுதிகள் கொண்ட தொடரை இவர்களிடம் ஒப்படைத்திருக்கிறது. பகுதிக்கு 25 நிமிடம். பாதி ஆவணப்படம், பாதி நடிக்கவைத்து எடுப்பது. படத்தின் தரம் பற்றி ஒப்பந்தத்தில் ஒரே வரிதான் இருக்கிறதாம்: ‘4கே-யில் தர வேண்டும்.’

அவர் கேட்பது இது: “கையில் ஐந்து லட்சம் இருக்கிறது அண்ணா. 8கே கேமராவே வாங்கிவிடு, பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா? பழைய எச்.டி. காட்சிகளை நடுவில் சேர்த்தால் ஒத்துக்கொள்வார்களா? இன்னொன்று, 1998-இல் அப்பா எடுத்த பண்டிகை வீடியோ கேசட்டில் இருக்கிறது. அதையும் 4கே ஆக்க முடியுமா?”

தம்பி, கேமராப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த ஒரு வரியை முதலில் பிரிப்போம். நான் ஃபோகஸ் பிடிக்கும் உதவியாளனாகத் தொழிலுக்கு வந்தவன். பதினைந்து வருடமாகப் படம் எடுத்து முடிந்த பிறகு நடக்கும் வேலைகளைக் கவனித்துவருகிறேன். என்னிடம் வந்து சேர்ந்த வம்புகளில் பாதிக்கு மேல் கேமராவால் வந்ததல்ல, இப்படிப்பட்ட ஒற்றை வரிகளால் வந்தவை.

4கே என்று வாயால் சொல்வது இரண்டு அளவுகளைக் குறிக்கும். டிவிக்கும் ஓ.டி.டி.க்கும் 3840க்கு 2160 பிக்ஸல், அதாவது படப்புள்ளி. திரையரங்குக்கு 4096க்கு 2160. இரண்டாவது கொஞ்சம் அகலம். அதில் எடுத்துவிட்டு டிவிக்குக் கொடுத்தால் இரண்டு ஓரமும் போகும், ஓரத்தில் நிற்பவரும் சேர்ந்து போவார். ஆகவே எந்த அளவு என்று கேளுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமா, 25-ஆ, 50-ஆ என்று கேளுங்கள். சாதாரண வெளிச்ச வீச்சுள்ள எஸ்.டி.ஆர். போதுமா, பளீர் வெளிச்சத்தையும் இருட்டையும் ஒன்றாகக் காட்டும் எச்.டி.ஆர். வேண்டுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி, செலவு அங்கேதான் எகிறும். கடைசியாக, கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சாரே 4கே இருந்தாக வேண்டுமா, எச்.டி.யில் எடுத்துப் பெரிதாக்கினால் ஏற்பார்களா? நெட்ஃப்ளிக்ஸ் போன்ற இடங்களில் தங்கள் சொந்தத் தயாரிப்புகளுக்கு அங்கீகரித்த கேமராக்களின் பட்டியலே இருக்கிறது. உங்கள் சென்னைக்காரர்கள் நாளை எங்கே விற்கப்போகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் பதிலை மெயிலில் வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

சரி, 8கே. பழைய தூர்தர்ஷன் காலத்துப் படம் 576 வரிகள். முழு எச்.டி. ஃபிரேமில் சுமார் 20 லட்சம் பிக்ஸல். 4கே-யில் 83 லட்சம். 8கே-யில் 3 கோடியே 32 லட்சம். ஜப்பானில் என்.எச்.கே. 2018 டிசம்பர் 1 முதல் 8கே ஒளிபரப்பையே நடத்திக் காட்டியது, தொழில்நுட்பம் பொய்யில்லை. ஆனால் பார்ப்பவர் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறார்? 55 அங்குல டிவியில் எச்.டி. படத்தின் ஒரு பிக்ஸல் ஏறக்குறைய 0.63 மில்லிமீட்டர். நல்ல கண்பார்வை உள்ளவருக்கே இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே, அதாவது ஏழடி தாண்டினால், அடுத்தடுத்த பிக்ஸல்கள் பிரிந்து தெரியாது. நம் வீடுகளில் சோஃபா எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். எச்.டி.க்கும் 4கே-க்கும் உள்ள வித்தியாசமே அந்தத் தூரத்தில் கரைகிறது என்றால் 8கே பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

பெரிய சென்சாரால் பயன் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் வாங்குகிறது: பாதிப் புள்ளிகள் பச்சை, கால்பங்கு சிவப்பு, கால்பங்கு நீலம். மீதி நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப்போட்டு நிரப்புகிறார்கள். அதனால் 4கே சென்சார் கொடுக்கும் 4கே படத்தைவிட, 6கே சென்சாரில் எடுத்துச் சுருக்கிய 4கே படம் தெளிவாக இருக்கும். கேமராவுக்குள்ளேயே இதைச் செய்து 4கே கோப்பாகத் தரும் கேமராக்கள் உண்டு. அந்த ரகம் உங்களுக்குப் போதும். 8கே-யில் இன்னொரு தொல்லை. சென்சாரை மேலிருந்து கீழே வாசித்து முடிக்கப் பல கேமராக்கள் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றன. குன்னூர் ரயில் ஜன்னலிலிருந்து எடுத்துப் பாருங்கள், பக்கத்தில் ஓடும் மரமெல்லாம் காற்றே இல்லாமல் சாய்ந்து நிற்கும்.

உங்கள் ஊருக்குப் பிக்ஸலைவிட முக்கியமானது பிட், அதாவது ஒவ்வொரு நிறத்தையும் எத்தனை படிகளாகப் பிரித்துப் பதிவுசெய்கிறது என்ற அளவு. இதைத்தான் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மாதப் பனிமூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொடநாடு காட்சிமுனையில் கேமராவை வைக்கிறீர்கள். ஃபிரேம் முழுக்க வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவே மெல்ல மாறும் ஒரே பரப்பு. 8-பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். அந்தப் பனி அதில் நாற்பது படிகளுக்குள் அடங்கிவிடும் என்று வையுங்கள். 3840 பிக்ஸல் அகலத்தில் நாற்பது படி என்றால் ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட நூறு பிக்ஸல் அகலம். திரையில் பனி தெரியாது, பட்டை பட்டையாகப் படிக்கட்டு தெரியும். கலர் கிரேடிங்கில் (எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் பிறகு சரிசெய்வது) கொஞ்சம் காண்ட்ராஸ்ட் ஏற்றினால் படிக்கட்டு இன்னும் எடுப்பாகிவிடும். 10-பிட்டில் 1024 படிகள். அதே பனிக்கு நூற்றறுபது படி, ஒவ்வொன்றும் 24 பிக்ஸல். கண் ஏமாந்துவிடும். 8-பிட்டில் லாக் (கிரேடிங்குக்காகக் காண்ட்ராஸ்ட்டைக் குறைத்து மங்கலாகப் பதிவுசெய்யும் முறை) வைத்து எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். இருக்கிற படிகளையும் சுருக்கி வைத்துவிட்டு, பிறகு கலரிஸ்ட்டைத் திட்டுவார்கள்.

அடுத்தது தேயிலை. எச்.டி.யில் நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவுசெய்து பழகியிருப்பீர்கள். மலிவான 4கே கேமராக்கள் 100 மெகாபிட்டில் பதிவுசெய்கின்றன. பிக்ஸல் நான்கு மடங்கு, டேட்டா இரண்டு மடங்கு. புதிய கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகச் சுருக்கும் என்றாலும், ஒவ்வொரு பிக்ஸலுக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது. ஒருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இது தெரியாது. பின்னால் சுவர் அசையாது, சுருக்குவது சுலபம். தேயிலைத் தோட்டத்தில் காற்றடித்தால் ஃபிரேமில் உள்ள ஆயிரக்கணக்கான இலைகளும் ஒரே நேரத்தில் அசையும். கோடெக் திணறிப்போய் எல்லாவற்றையும் கீரை மசியலாக்கிவிடும். சின்ன ட்ரோன் ஒன்றை மேலே அனுப்பித் தோட்டத்தைக் கீழ்நோக்கி எடுப்பதுதான் இதில் மிக மோசமான சோதனை. எல்லோரும் ஆசைப்படுவதும் அந்த ஷாட்டுக்குத்தான். (காட்டுப்பக்கமும் வெலிங்டன் ராணுவப் பகுதிப் பக்கமும் அனுமதி இல்லாமல் ட்ரோனை எடுக்காதீர்கள், ஃபுட்டேஜ் போவதற்கு முன் ட்ரோன் போய்விடும்.)

ஆகவே கேமரா வாங்கும்போது கேட்க வேண்டியது: 10-பிட், 4:2:2, குறைந்தது 200 மெகாபிட்டில் கேமராவுக்குள்ளேயே பதிவாகுமா? 4:2:2 என்பது நிற விவரத்தை எவ்வளவு விட்டுவைக்கிறது என்ற கணக்கு. சாதாரண 4:2:0-வில் நான்கு பிக்ஸலுக்கு ஒரு நிறத்தகவல்தான், 4:2:2-வில் இரண்டு பிக்ஸலுக்கு ஒன்று. தோடர்களின் பூத்குளி போர்வையை எடுத்தால் இதன் அருமை புரியும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நெருக்கமான கைவேலை. நிறத்தகவல் குறைந்தால் அந்தச் சிவப்பு ஓரங்களில் கசியும். தூரத்திலிருந்து எடுத்தால் நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று மோதி, இல்லாத அலைகள் துணிமேல் ஓடும். தகர ஷீட்டுக் கூரைகளிலும் இதே கூத்துதான். அலை தெரிந்தால் கேமராவை ஓரடி முன்னே பின்னே நகர்த்துங்கள், பெரும்பாலும் போய்விடும்.

எச்.டி.ஆர். வேண்டும் என்று பதில் வந்தால் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே வெள்ளை உடுத்தி வெயிலில் நடக்கிறது, பின்னால் இருட்டான சோலைக்காடு. எச்.டி. காலத்தில் வெள்ளை கொஞ்சம் எரிந்தாலும் பரவாயில்லை என்று முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தோம். எச்.டி.ஆர். திரையில் அந்த எரிந்த வெள்ளை டியூப்லைட் மாதிரி கண்ணைக் குத்தும், துணியின் மடிப்பு ஒன்றும் இருக்காது. வெள்ளையைக் காப்பாற்றி எடுத்துவிட்டு, முகத்தைப் பிறகு கிரேடிங்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்கும் 10-பிட்தான் தாங்கும். எஸ்.டி.ஆர். போதும் என்றால் நிம்மதி, அவர்கள் கேட்காத எச்.டி.ஆரை நீங்களாகப் போய் இழுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி என் அவமானம் ஒன்று. தொட்டபெட்டாவில் ஒரு பாட்டியின் க்ளோஸ்-அப். காலை வெளிச்சம், முகத்தில் அத்தனை சுருக்கம், அத்தனை அழகு. நான்தான் ஃபோகஸ். ஐந்து அங்குல மானிட்டரில் பார்த்தேன், கத்தி மாதிரி இருந்தது. இயக்குநர் கைகொடுத்தார். மூன்று வாரம் கழித்து சென்னையில் நிறம் திருத்தும் டி.ஐ. அறையின் பெரிய திரையில் போட்டார்கள். பாட்டியின் காதுத் தோடு கத்தி மாதிரி இருந்தது, கண்கள் இரண்டும் மங்கல். அறையில் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அது ஏன் என்று பிறகு கணக்குப் போட்டேன். ஃபுல்ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 1.8 (எண் கூடினால் துளை சிறிதாகும்), ஆள் இரண்டு மீட்டர் தள்ளி. வழக்கமான கணக்குப்படி கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர். 4கே-யின் கண்டிப்புக்கு அதைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும், மூன்று சென்டிமீட்டர். பாட்டி மூச்சு விட்டாலே அந்த மூன்று சென்டிமீட்டர் தாண்டிப் போய்விடுவாள். பழைய ஆறு சென்டிமீட்டர் திரும்ப வேண்டுமானால் எஃப் 4 பக்கம் போக வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சம் தேவை. உங்கள் ஹட்டி (படகர் கிராமம்) வீடுகளில் ஜன்னல் எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும். 4கே வாங்கப் புறப்பட்டவர் கடைசியில் லைட் வாங்குவது இப்படித்தான். நல்ல எல்.இ.டி. பேனல் இரண்டு வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50-இல் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் மாட்டியிருக்கும் பல்பு சிமிட்டும். குறைந்தது ஏழு அங்குல மானிட்டர் வாங்கி, ஃபோகஸ் பார்க்கும்போது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நாள் இரவும் அன்று எடுத்ததையெல்லாம் வீட்டு 4கே டிவியில் பக்கத்தில் நின்று பாருங்கள். மறுநாள் அதே பாட்டியிடம் போய், ‘இன்னொரு தரம் சொல்லுங்க பாட்டி’ என்று கேட்க முடியும். மூன்று வாரம் கழித்துக் கேட்க முடியாது.

லென்ஸ் பற்றிச் சுருக்கமாக. பழைய எச்.டி. ஜூமை அடாப்டர் போட்டு ஓட்டாதீர்கள். நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்டில் கேமரா பிரைம் லென்ஸ்கள் (ஜூம் இல்லாதவை) எஃப் 4, 5.6-இல் அருமையாக வேலை செய்யும். வெளிச்சத்தைக் குறைக்கும் மலிவான வேரியபிள் என்.டி. ஃபில்டரை முன்னால் மாட்டினால் லட்ச ரூபாய் லென்ஸ் அந்த நிமிடமே ஐயாயிரம் ரூபாய் லென்ஸாகிவிடும்.

ஆனால் மலையில் லென்ஸுக்கு எமன் ஈரம். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, பீரோவில் வைத்த செருப்பில்கூடப் பூஞ்சை பிடிக்கும் ஊர். லென்ஸுக்குள் மெல்லிய நூல் மாதிரி பூஞ்சை பிடித்தால் எச்.டி.யில் அது ‘கொஞ்சம் மென்மையான லுக்’ என்று தப்பித்துவிடும். 4கே-யில் தப்பாது. நாற்பது முதல் ஐம்பது சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கும் டிரை கேபினெட் ஒன்று வாங்குங்கள். முடியாவிட்டால் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும், சின்ன ஈரப்பத மானியும். மார்கழி, தை விடியலில் உறைபனி எடுக்கப் போகும்போது கேமராவை அரைமணி நேரம் முன்பே பையோடு வெளியில் வைத்து, குளிருக்குப் பழக்குங்கள். படம் எடுத்துத் திரும்பும்போது அதைவிடக் கவனம். குளிர்ந்த கேமராவை நேராக அடுப்பெரியும் வீட்டுக்குள் கொண்டுபோனால் கண்ணாடியில் மட்டுமல்ல, உள்ளே சென்சார் மேலும் நீர் பூக்கும். பையை மூடியே வைத்துவிட்டு நீங்கள் போய் டீ குடியுங்கள். பேட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கும், உபரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சென்சார் கேமராக்கள் ஏற்கனவே பசிக்காரர்கள்.

நடிக்கவைத்து எடுக்கும் பகுதி. செட் போடப் போகிறீர்களா, உண்மையான வீட்டிலேயே எடுக்கப் போகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டிலேயே எடுங்கள். தெர்மோகோலில் கல் சுவர் வரைவது சீரியல்காரர்களுக்கு எச்.டி. வந்தபோதே சிக்கலாயிற்று. 4கே-யில் பெயிண்ட் பிரஷ் போன தடம் தெரியும். ஒட்டுத்தாடியின் ஓரத்து வலை தெரியும். முகத்தில் கனமாகப் பவுடர் அப்பினால், அப்பியது தெரியும். ஊர்க்காரர்களையே நடிக்கவைத்தால் மேக்கப்பே வேண்டாம், வழியும் எண்ணெயை ஒற்றி எடுத்தால் போதும். இன்னொன்றும் தெரியும், இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை: கடை போர்டில் உள்ள போன் நம்பர், நிற்கும் ஜீப்பின் நம்பர் பிளேட், சுவரில் மாட்டிய ரேஷன் கார்டு நகல். எச்.டி.யில் எழுத்து கலங்கிக் கிடந்தது. இப்போது படிக்க முடியும். ஒவ்வொன்றாக மறைக்கச் சொல்லி ஒளிபரப்பு நிலையத்திலிருந்து பட்டியல் வரும், மறைக்கும் செலவு உங்கள் தலையில் விழும். டேக் போவதற்கு முன் ஒருவரை ஃபிரேமின் பின்பக்கம் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது பலருக்கும் விழி பிதுங்கும் இடம், ஹார்ட் டிஸ்க். உங்கள் கணக்கையே போடுவோம். ஆறு பகுதி, 25 நிமிடம், மொத்தம் 150 நிமிடம். ஆவணப்படம் கலந்தது என்பதால் ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து நிமிடமாவது எடுப்பீர்கள். 2,250 நிமிடம், முப்பத்தேழரை மணி நேரம். குறைவாகச் சுருக்கும், எடிட்டுக்கு ஏற்ற புரோரெஸ் 422 எச்.க்யூ. கோடெக்கில் 4கே, நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் மணிக்குச் சுமார் 330 ஜி.பி. மொத்தம் 12 டி.பி.க்கு மேல். மூன்று பிரதி வைத்தால் 37 டி.பி. ஆகும். அந்த வழி வேண்டாம். 200 மெகாபிட் 10-பிட் கோப்பாக எடுத்தால் மணிக்கு 90 ஜி.பி., மொத்தம் மூன்றரை டி.பி.க்குள், மூன்று பிரதியும் சேர்த்துப் பத்து டி.பி. இது உங்கள் பையில் அடங்கும். எடிட்டுக்குப் போகும்போது தேவையான ஷாட்களை மட்டும் புரோரெஸ்ஸாக மாற்றிக்கொள்ளலாம். 8கே என்றால் பிக்ஸல் இதைப்போல நான்கு மடங்கு என்பதை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

மூன்று பிரதியில் ஒன்று மலைக்குக் கீழே இருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ ஒரு சொந்தக்காரர் வீட்டு அலமாரி போதும். மழைக்காலத்தில் ரோடு சரிந்தால் வண்டி போகாது, அப்போது பிரதி அங்கே இருப்பது உதவும். வீட்டில் ஒரே மேசையில் மூன்று டிஸ்க்கையும் அடுக்கி வைத்துவிட்டு ‘மூன்று பேக்கப் இருக்கிறது’ என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காப்பி செய்யும்போது வெறுமனே இழுத்துப் போடாமல் செக்சம் சரிபார்க்கும் (நகல் மூலத்தோடு அப்படியே ஒத்திருக்கிறதா என்று பார்க்கும்) மென்பொருளில் செய்யுங்கள். கார்டை ஃபார்மட் செய்யும் உரிமை குழுவில் ஒரே ஒருவருக்குத்தான். மூன்று பேரில் யார் என்பதை முதல் நாளே முடிவுசெய்யுங்கள்.

எடிட்டுக்கு உங்கள் பழைய கம்ப்யூட்டரே போதும், புதிது வாங்க வேண்டாம். ஒவ்வொரு கோப்புக்கும் எச்.டி. அளவில் இலகுவான நகல், அதாவது ப்ராக்ஸி, உருவாக்கி, அதில் வெட்டுங்கள். மலையிலிருந்து சென்னைக்கு இணையத்தில் அனுப்புவதும் ப்ராக்ஸிதான், ஒரிஜினல் டிஸ்க்கில் பஸ்ஸிலோ கூரியரிலோ போகட்டும். கோப்பின் பெயரையும் டைம்கோடையும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்) யாரும் மாற்றக் கூடாது, மாற்றினால் கடைசியில் ஒரிஜினலோடு இணையாது. ப்ராக்ஸியைப் பார்த்து ஃபோகஸ் சரி என்று யாரும் கையெழுத்துப் போடாதீர்கள், என் பாட்டி கதைதான் நடக்கும்.

பழைய எச்.டி. காட்சிகள். அவை பெரும்பாலும் 50ஐ, அதாவது ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாகப் பின்னிப் பதிவுசெய்தவை. அப்படியே பெரிதாக்கினால் அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். முதலில் நல்ல மென்பொருளில் அந்தப் பின்னலைப் பிரித்து, பிறகு பெரிதாக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவில் பெரிதாக்கும் கருவிகள் கட்டடம், வண்டிக்கு நன்றாகவே செய்கின்றன. முகத்துக்குக் கவனம்: கூட்டத்தில் தூரத்தில் நிற்கும் உங்கள் ஊர்ப் பெரியவருக்கு, அவருக்கே தெரியாத வேறொரு மூக்கை வைத்துவிடும். ஆவணப்படத்தில் அது பொய். பழைய காட்சியைப் பழைய காட்சியாகவே, திரையின் நடுவில் சின்னதாக வைத்துக் காட்டுங்கள், வருடத்தையும் கீழே போடுங்கள். சென்னைக்காரர்களிடம் எத்தனை நிமிடம் அப்படி இருக்கலாம் என்று அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

ஐந்து லட்சத்தைப் பிரிப்பதாக இருந்தால் நான் கேமராவுக்குப் பாதிக்கு மேல் கொடுக்க மாட்டேன். மீதியில் இரண்டு பிரைம் லென்ஸ், லைட், மானிட்டர், டிஸ்க், டிரை கேபினெட். நடிக்கும் பகுதிக்கு மட்டும் ஒரு வாரம் பெரிய கேமராவும் ஃபோகஸ் புல்லரும் வாடகைக்கு வேண்டும் என்றால் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கலாம். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செக்போஸ்ட்டில் ஒருமணி நேரம் நின்றால் அதுவும் வாடகைதான். எதையும் வாங்குவதற்கு முன் அந்தக் கேமராவை ஒருநாள் வாடகைக்கு எடுத்து மூன்றே மூன்று ஷாட் எடுங்கள்: விடியலில் பனி, காற்றடிக்கும் தேயிலை, ஜன்னலோரம் வெள்ளை உடுத்திய ஒருவர். அதைச் சென்னையில் அவர்கள் கலரிஸ்ட்டிடம் கொடுத்துப் பெரிய திரையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி வாங்குங்கள்.

அப்பாவின் கேசட். இதற்குப் பதில் சொல்லும்போது எனக்குச் சித்தப்பா ஞாபகம் வருகிறது. ஊட்டி இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில், இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற எச்.பி.எஃப்.-இல், வேலை பார்த்தவர். 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனம், குளிரும் தூசியில்லாத காற்றும் வேண்டும் என்றுதான் மலைமேல் வைத்தார்கள் என்பார். ஃபிலிமுக்கு மருந்து பூசும் இடத்தில் இருட்டிலேயே நடந்து பழகிவிட்டதால், வீட்டில் கரன்ட் போனால் அவர் மட்டும் எதிலும் இடித்துக்கொள்ள மாட்டார். 35 மி.மீ. நெகட்டிவ் நன்றாக இருந்தால் ஐம்பது வருடம் கழித்தும் 4கே-யில் ஸ்கேன் செய்யலாம், புதிதாகவே விவரம் வரும், ஏனென்றால் அது ஏற்கனவே ஃபிலிமில் இருக்கிறது. வீடியோ கேசட்டில் அப்படி ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. வி.எச்.எஸ். டேப்பில் படத்தின் குறுக்கே 240 வரி அளவுக்குத்தான் தெளிவு (மேலிருந்து கீழே உள்ள 576 வரி வேறு கணக்கு), அதற்கு மேல் எந்த இயந்திரமும் அதிலிருந்து எடுக்க முடியாது.

அதனால் 4கே ஆக்க நினைக்க வேண்டாம், முதலில் காப்பாற்றுங்கள். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியே டேப் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. வீட்டு வி.சி.ஆரில் போடவே போடாதீர்கள், ஹெட்டும் கெடும், டேப்பும் அறும். சுத்தம் செய்து டிஜிட்டல் ஆக்கித் தரும் இடத்தில் கொடுங்கள். 576 வரி, 4:3 அளவு, அப்படியே சுருக்காமல் ஒரு கோப்பு வாங்குங்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, அதில் வருகிறவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதைக் கேமரா வாங்குவதற்கு முன்பே, இந்த மாதமே செய்துவிடுங்கள்.